சுகுணா போட மறுத்த செயலி

குளிர்க்கொம்பை தேயிலைத் தொழிற்சாலையின் எடை மேடையில் காலையிலேயே சந்தைக்கடை இரைச்சல். ஊட்டியை அடுத்த எமரால்டு பக்கத்துச் சிறு விவசாயிகள் ஜீப்பிலிருந்து கொழுந்து மூட்டைகளை இறக்கி வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே கொழுந்தை வாட்டும் மின்விசிறிகள் ஓவென்று ஓடின. அந்தச் சத்தத்துக்கு நடுவே சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. ஆகவே அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள்.

எடை போடுகிற இலியாஸ் மூட்டையைத் தராசில் ஏற்றி எடையைக் கத்துவார். கொழுந்து கொண்டுவந்தவர் தன் பேரையும் போன் நம்பரையும் கத்துவார். அலுவலக எழுத்தர் சுகுணா அதைக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். நம்பர் எதற்கென்றால், அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரே பேரில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருமுறை ஒருவர் கொழுந்து இன்னொருவர் கணக்கில் ஏறிப் பெரிய அடிதடியாகிவிட்டது. அதிலிருந்து போன் நம்பர்தான் கணக்கு நம்பர். கத்திச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். யாருக்கும் இதில் தப்பாக எதுவும் தோன்றியதில்லை.

ஒரு மாதமாக அந்த வரிசையில் சிரிப்புப் பேச்சு நின்றுபோயிருந்தது. விவசாயிகள் ஒவ்வொருவருக்காகப் போன் வந்தது. "ஃபேக்டரியில இருந்து பேசறோம், நேத்து இத்தன கிலோ கொழுந்து போட்டீங்கல்ல, அதுக்கு ஊக்கத்தொகை வந்திருக்கு. இப்ப ஒரு நம்பர் மெசேஜா வரும், அதச் சொல்லுங்க." பேர் சரி, எடை சரி. அப்புறம் ஏன் சந்தேகப்படப் போகிறார்கள்? அவர்களில் ஒருவரான மூக்கம்மா அந்த நம்பரைச் சொல்லிவிட்டார். மகளை நர்சிங் படிக்கவைக்கச் சேர்த்திருந்த பணம் முழுவதும் போய்விட்டது. ஊட்டிக்குப் போய்ப் புகார் கொடுத்தாகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை.

எடை எவ்வளவு என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருக்கிற எவரோதான் சொல்கிறார். இதைச் சொல்ல யாரும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் எல்லார் கண்ணும் சொன்னது. இலியாஸைப் பார்த்தது, சுகுணாவைப் பார்த்தது. மூட்டை தூக்குபவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேனேஜர் தினகரனுக்குச் சந்தேகம் புதிதல்ல, பிறவிக் குணம். டீயில் சர்க்கரை குறைந்தால் மிச்சச் சர்க்கரை யார் வீட்டுக்குப் போகிறது என்று யோசிக்கிற மனிதர். இலியாஸ் தராசைக் கையால் அழுத்துகிறாரோ என்று நினைத்து, போன வருஷமே தராசுக்கு நேர் மேலே கேமரா மாட்டியவர். ஊட்டியில் தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அதைப் போனில் பார்ப்பார். அதிலிருந்த மைக் வழியாக, தன்னைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவும் செய்வார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் இருக்கிற முதலாளிக்குப் பயந்தவர். பயந்தவன் கையில் அதிகாரம் இருந்தால் அடுத்தவனுக்குத் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

முதலாளி போனில் ஒரு வார்த்தை சொன்னார்: "ஃபயர்வால் போடுங்க." இணையம் வழியாக உள்ளே வருகிறவர்களையும் வெளியே போகிறவர்களையும் வாசலில் நின்று சோதிக்கிற கருவி அது. எந்த மாதிரி வேண்டும், எதைத் தடுக்க வேண்டும் என்று முதலாளியும் சொல்லவில்லை, தினகரனும் கேட்கவில்லை. முதலாளியைக் கேள்வி கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

கோயம்புத்தூரிலிருந்து விமல் என்ற விற்பனைக்காரர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் மடிக்கணினி. பெரிய பெரிய கம்பெனிகளில் வைத்திருக்கிற கருவியின் படத்தைக் காட்டினார். விதிப்படி மூன்று வெவ்வேறு கடைகளின் கொட்டேஷன் வேண்டும் என்று தினகரன் சொன்னதும், "அதெல்லாம் நானே கொண்டுவந்துட்டேன் சார்" என்று மூன்றையும் அவரே எடுத்து மேசையில் வைத்தார். நம் அலுவலகங்களில் இது சர்வ சாதாரணம். யாரும் வெட்கப்படுவதுகூட இல்லை.

"கருவி மட்டும் பத்தாது சார். ஸ்டாஃப் எல்லாரும் அவங்க சொந்த போன்ல எங்க செக்யூரிட்டி ஆப் போடணும். அதுக்கு மெசேஜ், போட்டோ, மைக், எங்க இருக்காங்கங்கற விவரம், எல்லாத்துக்கும் அனுமதி குடுக்கணும்" என்றார் விமல்.

மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சுகுணா தலையை நிமிர்த்தினாள்.

"எதுக்குங்க சார்?"

"செக்யூரிட்டிக்கு மேடம்."

"அது சரிங்க. விவசாயிங்க நம்பரும் எடையும்தான வெளிய போகுது. அது எந்த வழியா போகுதுன்னு பாத்தீங்களா? இந்தக் கருவி அந்த வழிய அடைக்குமா?"

விமல் புன்னகைத்தார். பதில் தெரியாதவர்கள் அப்படித்தான் புன்னகைப்பார்கள். "மேடம், இது இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட். எல்லாரும் இதத்தான் போடறாங்க."

"எங்க போன்ல இருக்கற மெசேஜ் யாருக்குப் போகும்?"

"எங்க சர்வருக்கு."

"அத யாரு பாப்பாங்க?"

இதற்கு விமல் தினகரனைப் பார்த்தார். தினகரன் முகம் இறுகியிருந்தது. "சுகுணா, உனக்கு ஒளிக்கறதுக்கு ஏதாச்சும் இருக்காம்மா?" என்றார்.

சுகுணாவுக்குக் காது மடல் சுட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இங்கே சேர்ந்தவள், இதுவரை ஒரு பழிச்சொல் வாங்கியதில்லை. திருடி என்று சொல்லவில்லைதான். அதைவிட மோசமாகக் கேட்டுவிட்டார்.

அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. சனிக்கிழமைக்குள் எல்லாரும் செயலியைப் போட வேண்டும். போடாதவர்கள் வேலைக்கு வர வேண்டாம். விமல் தானே ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் போட்டுக் கொடுத்தார். இலியாஸ் தானே போனை எடுத்து நீட்டினார். "போடலன்னா நான்தான் திருடன்னு ஆயிடும் சுகுணா" என்றார். சுகுணா தன் போனைக் கொடுக்கவில்லை.

வேலை போனால் வேலை மட்டும் போகாது. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் அவள் பேரில்தான் இருக்கிறது. வேலையை விட்டவர்கள் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவள் கணவன் வடிவேல் அதே ஃபேக்டரியில் டிரையர் பக்கம் தினக்கூலி. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். ஒரு கூரை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எல்லாரும் போட்டுட்டாங்க புள்ள. நீ மட்டும் ஏன் மல்லுக்கு நிக்கற?" என்றான் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"நம்ம மக ரேணுகா போட்டோ அதுல இருக்கு. எங்க அக்கா அவ புருசன் அடிக்கறதப் பத்தி அழுது அனுப்புன மெசேஜ் இருக்கு. அதையெல்லாம் கோயம்புத்தூர்ல எவனோ படிக்கணுமா?"

"படிச்சா படிக்கறான். வீடு போயிடுச்சுன்னா புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்க போறது? ஊட்டியில வாடகை என்னான்னு தெரியுமா ஒனக்கு?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு வேதனை. "காரணம் சொன்னா போட்டுடறேன். காரணமே சொல்லாம போடச் சொன்னா எப்படி? என் காசுல வாங்குன போனு அது" என்றாள். வடிவேல் கை கழுவ எழுந்து போய்விட்டான்.

மறுநாள் அவள் செய்த ஒரே குறும்பு, ஊட்டி மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற சாதியாவிடம் போனில் ஒரு கொட்டேஷன் கேட்டதுதான். ஒன்றாவது விமல் கொண்டுவராததாக இருக்கட்டும் என்று நினைத்தாள். சாதியா விலை சொல்லவில்லை, கேள்வி கேட்டாள்.

"அக்கா, உங்க கிட்ட என்ன திருட்டுப் போகுது, எப்படிப் போகுதுன்னு தெரியாம நான் என்னத்த விக்கறது? உங்க ஃபேக்டரிக்குச் சின்னதே போதுமா, பெருசு வேணுமான்னு அப்புறம்தான் சொல்ல முடியும். மொதல்ல அதக் கண்டுபிடிங்க."

"அந்தப் பெரிய கருவி போட்டா எல்லாம் அடைஞ்சுடும்னு சொல்றாங்களே."

"எவ்வளவு பெருசு போட்டாலும், நாமளே ஒரு வழியத் தொறந்து விடுன்னு சொன்னா அது தொறந்துதான் விடும் அக்கா."

சுகுணா யோசித்துக்கொண்டே எடை மேடைக்குத் திரும்பியபோது தெய்வம்மா சண்டைக்கு நின்றார். ரெண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிற அம்மா. வாய் நீளம், மனசு சுத்தம்.

"ஏனுங்க சுகுணா, என்ற போனு தண்ணித்தொட்டியில உழுந்து போச்சுன்னு என்ற நாத்தனா நம்பரச் சொன்னனே, அத எதுக்குங்க ஊருக்கெல்லாம் குடுத்தீங்க? நேத்து சாயங்காலம் எவனோ அவளுக்குப் போன் பண்ணி, தெய்வம்மாவா, இன்னைக்கு இத்தன கிலோ போட்டீங்கன்னு கேக்கறானாமா."

அந்த நம்பரைச் சுகுணா கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை. "பழைய நம்பர்லயே போட்டுடறேங்க, மெசேஜ் அப்புறம் பாத்துக்கலாம்" என்று அப்போதே சொல்லியிருந்தாள். அந்த நம்பர் எங்கேயும் எழுதப்படவில்லை. தெய்வம்மா வாயிலிருந்து கிளம்பிக் காற்றோடு போனதோடு சரி. கம்ப்யூட்டருக்கே தெரியாததைக் கம்ப்யூட்டரிலிருந்து எப்படித் திருடியிருக்க முடியும்?

நேராக மேனேஜர் அறைக்குப் போய், சாதியா கடையில் விசாரித்ததையும் சேர்த்துச் சொன்னாள். தினகரன் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்ப காதால கேட்டவங்கதான் சொல்லியிருக்காங்க. ஒண்ணு இலியாஸ், இல்லன்னா நீ."

"ஆமாங்க சார், அப்படித்தான் தெரியுது" என்றாள் சுகுணா. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "அதனால சோதிச்சுப் பாத்துருவோம். வெள்ளிக்கிழம மத்தியானம் இலியாஸ் அண்ணன் ஜும்மாவுக்குப் போயிடுவாரு. வரிசையும் இருக்காது. அன்னைக்கு என் போன நீங்களே வாங்கிப் பூட்டி வெச்சுக்கங்க. எடைய நீங்களே போடுங்க. தெய்வம்மா உங்க நம்பர் ஒண்ணச் சொல்லட்டும்."

"போன் வரலன்னா?"

"நான்தான் திருடின்னு எழுதிக்கங்க. வீட்டக் காலி பண்ணிடறேன்."

வீட்டில் வடிவேலிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இலியாஸ் குல்லாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எமரால்டுக்குக் கிளம்பினார். தினகரன் சுகுணாவின் போனை மேசை இழுப்பறையில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூட்டையைத் தராசில் ஏற்றத் தெரியாமல் தடுமாறினார். தெய்வம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவரிடம் இப்போது போனே இல்லை. தினகரன் தன் இரண்டாவது போனில் நம்பரைக் காட்டினார். முதலாளியைத் தவிர யாருக்கும் தெரியாத நம்பர் அது. தெய்வம்மா வழக்கம்போலத் தன் பேரைச் சொல்லி, அந்த நம்பரை மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் படித்தார். சுகுணா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

அப்புறம் காத்திருந்தார்கள். தினகரன் கதவைத் திறந்துவைத்து, சுகுணா தன் கண் எதிரிலேயே இருக்கும்படி உட்காரவைத்தார். பாத்ரூமுக்குப் போனால்கூடக் கூடவே துணைக்கு ஒரு பெண்ணை அனுப்பினார். சுகுணா பொறுத்துக்கொண்டாள். போன் வர வேண்டுமே, வர வேண்டுமே என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. திருடன் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

தினகரன் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தபோது அந்த இரண்டாவது போன் அடித்தது. புது நம்பர். எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம்ங்க, ஃபேக்டரியில இருந்து பேசறேன்" என்றது மரியாதையான ஒரு குரல். "தெய்வம்மா அக்கா வீடுதானுங்களே? இன்னைக்கு மத்தியானம் கொழுந்து போட்டாங்கல்ல?" எடையைக் கிராம் பிசகாமல் சொன்னது அந்தக் குரல். தினகரன் கையாலேயே போட்ட எடை.

அவர் போனை வைத்தார். வாயில் இருந்த சோற்றை மெல்ல மறந்துவிட்டார். சுகுணா எதிரே இருக்கிறாள், அவள் போன் பூட்டுக்குள் இருக்கிறது. தெய்வம்மாவிடம் போன் இல்லை. இலியாஸ் பள்ளிவாசலில் இருக்கிறார். மிச்சம் இருப்பது தான் மட்டும்தான். சந்தேகப்படுவதற்கு ஆள் தீர்ந்துபோன அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. அந்த மேடையில் பேசுவதை மேடையில் இல்லாமலே கேட்கிற ஒருவர் இருக்கிறார். ஊட்டியில், சோபாவில் உட்கார்ந்து.

"சுகுணா, அந்தக் கடைக்காரப் பொண்ணுக்குப் போன் போடும்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

சாதியா கேட்டதெல்லாம் எளிய கேள்விகள்தான். "கேமராவ வீட்டுல இருந்து பாக்கற மாதிரி வெளிவழி தொறந்து விடச் சொன்னீங்களா சார்?"

"ஆமாம்மா. மாட்ட வந்தவன்கிட்ட நான்தான் சொன்னேன்."

"பாஸ்வேர்டு?"

"அவன் வெச்சுக் குடுத்ததே இருக்கு. மாத்துனா மறந்துரும்னு உட்டுட்டேன்."

"உங்க போன்ல கேமரா பாக்கற ஆப்ல ஒரு விலாசம் இருக்கும், அதப் படிங்க. பாஸ்வேர்டு சொல்லாதீங்க. நீங்க சம்மதிச்சா நான் முயற்சி பண்ணிப் பாக்கறேன்."

தினகரன் சம்மதித்தார். விலாசத்தைப் படித்துவிட்டு, அவள் சொன்னபடி எடை மேடைக்குப் போய் நின்றார். கூடவே சுகுணாவும் தெய்வம்மாவும். சாதியா அந்த விலாசத்தைத் தன் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க சார்" என்றது ஸ்பீக்கரில் போட்டிருந்த போன். "பக்கத்துல ரெண்டு பேர் நிக்கறாங்க. வயசானவங்க வெத்தல மெல்லறாங்க. ஃபேன் சத்தம் இருக்கு, ஆனா பேசறது நல்லாக் கேக்குது. தராசு நம்பர் தெளிவாத் தெரியுது. நான் எந்தப் பூட்டையும் ஒடைக்கல. கடையில விக்கறப்பவே எல்லாக் கேமராவுக்கும் போட்டு வர்ற பாஸ்வேர்டுதான் இதுக்கும் இருக்கு. நான் மார்க்கெட்ல உக்காந்து பாக்கறேன்னா, எங்கேயிருந்து வேணா எவன் வேணா பாக்கலாம்."

தெய்வம்மா மெல்வதை நிறுத்தினார்.

அன்றைக்கே அந்த வழி அடைக்கப்பட்டது. என்ன வேண்டும் என்று சாதியா பிறகு எழுதிக் கொடுத்தாள். கேமராவும் கம்ப்யூட்டரும் ஒரே இணைப்பில் இருக்கக் கூடாது. மைக் தேவையில்லை. பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். இந்த அளவு ஃபேக்டரிக்குச் சின்ன ஃபயர்வால் போதும், ஆனால் அதைச் சரியாக அமைத்து மாதாமாதம் யாராவது பார்க்க வேண்டும். நம்பரைக் கத்துவதற்குப் பதில் விவசாயிகளுக்கு அட்டை கொடுக்கலாம். ஸ்டாஃபின் சொந்த போனில் எதுவும் போட வேண்டியதில்லை. விமல் கொண்டுவந்த பெரிய கருவியை வாங்கியிருந்தால்? மேனேஜர் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று அதிலும் ஒரு வழி திறந்துவிடச் சொல்லியிருப்பார். விமல் திறந்துவிட்டுப் போயிருப்பார். திருட்டு நின்றிருக்காது. நடுவில் சுகுணா குடும்பம் தெருவில் நின்றிருக்கும்.

சனிக்கிழமை காலை எடை மேடையில் தினகரன் எல்லாரையும் கூப்பிட்டார். போட்ட செயலிகளை எடுத்துவிடச் சொன்னார். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

"கதவத் தொறந்து வெச்சது நான்தான்" என்றார். "இலியாஸ், உன்மேல சந்தேகப்பட்டேன். சுகுணா, உங்கிட்ட நான் கேட்டது தப்பும்மா. மன்னிச்சுக்க."

இலியாஸ் தலையை ஆட்டினார். சுகுணா, "பரவால்லீங்க சார்" என்று சொல்லிவிடவில்லை. பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வரிசையின் பின்னாலிருந்து மூக்கம்மா முன்னால் வந்தார். பணம் போனதிலிருந்து அந்த அம்மா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

"ஏனுங்க சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கம்மா."

"எங்க கையப் பாக்கறதுக்குத்தான அத மாட்டுனீங்க? அன்னைக்கே ஆராச்சும் ஒருத்தர், இது எதுக்குங்க, இத இன்னும் ஆரெல்லாம் பாப்பாங்கன்னு கேட்டிருந்தா நீங்க பதில் சொல்லியிருப்பீங்களா?"

தினகரன் உண்மையைத்தான் சொன்னார். "கேட்டவனத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்."

"அதனாலதான் ஆரும் கேக்கலீங்க. என்ற மக படிப்பு அதுலதான் போச்சு" என்றார் மூக்கம்மா. குரல் உயரவில்லை. "திருடன் புத்திசாலியெல்லாம் இல்லீங்க. கேள்வி கேக்கறவள நீங்க திருடியாப் பாத்தீங்க, கேள்வி கேக்கப் பயந்து நாங்க வாய மூடிக்கிட்டோம். அவனுக்கு அது போதுமே. இனி எந்த ஆப்பு, எந்தப் பெட்டி கொண்டாந்தாலும், கொண்டாறது ஆரா இருந்தாலும், எதுக்குன்னு கேப்போம். பதில் சொல்லிட்டு மாட்டுங்க."

தினகரன் தலையைக் குனிந்தார். "கேளுங்கம்மா" என்றார். "எங்கிட்டயே மொதல்ல கேளுங்க."

மூக்கம்மா நகரவில்லை. "கேட்டாச்சுங்களே சார். என்ற மகளுக்கு என்ன பதில்?"